வேலிக்கு வெளியே குடியிருக்கும் அலுவோச்சுக்கு

மரியாதைக்குரிய அத்தைக்கு,

இல்லை, உங்கள் கதவுப் பூட்டை நான் திறக்கவில்லை. அப்பாவும் திறக்கவில்லை. சாவி அவர் கழுத்துக் கயிற்றில் சிலுவையோடு சேர்ந்து தொங்குகிறது. குளிக்கும்போதுகூட அவர் அதைக் கழற்றுவதில்லை. காலையில் பார்த்தபோது பூட்டு திறந்து சிமெண்டின் மேல் கிடந்தது. உள்ளே பெருக்கியிருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இங்கே அனைவரும் நலம். அங்கே நீங்களும் நலமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன். மழை போதுமான அளவு. ஏரி தன் இடத்தில் இருக்கிறது. அம்மா ஒமேனா மீனை வலைமேல் பரப்பிக் காயவைத்துவிட்டு மேகத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். அப்பா கூட்டுரோட்டில் பஞ்சர் ஒட்டுகிறார். உங்கள் தம்பிக்குத் தலை நரைத்துவிட்டது. பார்த்தால் அடையாளம் தெரியாது. நீங்கள் பார்க்கிறீர்களா என்பது எனக்குத் தெரியாது.

இன்னொன்று. நீங்கள் இறந்தபோது உங்களுக்குப் பத்தொன்பது. போன மழையில் நான் அந்த வயதைக் கடந்துவிட்டேன். என்னைவிடச் சின்னப் பெண்ணை நீங்கள் என்பதா? அத்தையை நீ என்பதா? பெயரும் நம் இருவருக்கும் ஒன்றேதான். என்னை நானே மரியாதையாகக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது. ஆகவே இனி நீ. கோபமிருந்தால் சொல். போனில் வேண்டாம்.

விஷயம் கல்லூரி. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. உனக்குக் கிடைத்த அதே கல்லூரி. மாத முடிவுக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும். அந்தப் பயத்தை உனக்கு விளக்க வேண்டியதில்லை. உனக்காக ஊர்கூடிப் பணம் போட ஒரு சனிக்கிழமை ஹராம்பே வைத்திருந்தார்கள், அழைப்பு கொடுத்தாயிற்று, கூடாரத்துக்குச் சொல்லியாயிற்று, நீ அதே வாரம் புதன்கிழமை காய்ச்சலில் போய்விட்டாய். சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள், வராமல் வேறு என்ன செய்வார்கள், படிப்புக்கென்று மடியில் கட்டிக்கொண்டு வந்ததை அப்படியே போட்டார்கள். பெரியவர்கள் மாடு வாங்கி எல்லோருக்கும் சாப்பாடு போட்டுவிடலாம் என்றார்களாம். அப்போது பள்ளிக்கூடப் பையனாக இருந்த அப்பா, "அது அவ காசு, அவளுக்கே" என்று கத்தினாராம். அந்தப் பணத்தில்தான் உன் சமாதிக்குச் சிமெண்டு, டைல்ஸ், தகரக் கூரை, கம்பிக் கதவு எல்லாம். கல்யாணமாகாத பெண்ணை வேலிக்குள் புதைக்கக் கூடாது என்பதால் வேலிக்கு வெளியே, வாசலுக்கு இடப்பக்கம். எங்கள் வீட்டுத் தரை இன்றும் மண்தான். சின்ன வயதில் நான் வீட்டுப்பாடம் எழுதியதெல்லாம் உன் படியில் உட்கார்ந்து. சமமான இடம் அது ஒன்றுதான் இருந்தது.

பெயர் வந்த கதையும் உனக்குத் தெரியும், உன் வேலைதானே. பிறந்ததும் நான் பால் குடிக்காமல் அழுதேனாம். செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள். உன் பெயர் வந்ததும் நிறுத்தினேன். அலுவோச் என்றால் மூடிய வானத்துக் காலையில் பிறந்தவள். நான் பிறந்தது உச்சி வெயிலில். அன்றிலிருந்து அப்பா என்னை அக்கா என்கிறார். "அக்கா, கொஞ்சம் தண்ணி மோந்து குடுங்க" என்பார். வேலை ஆக வேண்டுமென்றால் வாங்க போங்க. மற்ற நேரம் வாடி போடி.

உதவிப் பணம் தேடுவது எப்படி என்று இந்த வருஷம் கற்றுக்கொண்டேன். ஏழையாக இருந்தால் மட்டும் போதாது. சரியான முறையில் ஏழையாக இருக்க வேண்டும். முதலில் வட்டார அதிகாரியான சீஃபின் அலுவலகம் போனேன். அவர் என் தாள்களையெல்லாம் நிதானமாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் சுத்தமா இருக்கும்மா. உங்கப்பா உயிரோட இருக்கார், அது ஒண்ணுதான் குறை" என்றார். "அதுக்கு அவர் என்ன செய்யணும்?" என்று கேட்டேன். "நான் ஒண்ணும் சொல்லலையே. அநாதைப் பிள்ளைங்களுக்கு மொதல்ல, அவ்வளவுதான்." வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். அப்பா உகாலிக் களியை உருட்டியபடி கொஞ்சம் யோசித்தார். "எத்தனை நாளைக்கு?" என்றார். "நீ செத்துட்டா பஞ்சர் யாரு ஒட்டறது?" என்றாள் அம்மா. அத்தோடு அது முடிந்தது. அடுத்தது கோயில் நிதி. பாட்டுக் குழுவில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை என்றார்கள், சேர்ந்தேன், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை போதகரே வந்து, "கண்ணு, உனக்காகப் பிரார்த்தனை பண்றேன், நீ பாட வேண்டாம்" என்றார். அடுத்தது மீன் ஏற்றுமதி செய்கிறவர்களின் அறக்கட்டளை. கஷ்டங்களை எப்படிக் கடந்து வந்தீர்கள் என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். இன்னும் கடக்கவில்லை, அதற்காகத்தான் உங்களிடம் வந்திருக்கிறேன் என்று எழுதினேன். தன்னம்பிக்கை போதாது என்று பதில் வந்தது.

ஏழ்மையில் நான் இரண்டாம் வகுப்பு. அந்த நாட்களில் உன் படியில் உட்கார்ந்து அடிக்கடி நினைத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் இல்லாமல் இருந்திருக்கலாம்.

கடைசியாக ஹார்கிரேவ் அம்மையார் நிதி. எப்போதோ இங்கே பள்ளிக்கூடம் நடத்திய ஒரு வெள்ளைக்கார அம்மாள் விட்டுப்போன பணம். கல்யாணமாகாத பெண்கள், அதிலும் யாருமில்லாதவர்கள் முதலில். வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். வந்தவர் பிரையன் முட்டிசோ, நைரோபியில் அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்த பிள்ளை. நான் கூட்டுரோட்டில் அவருக்காகக் காத்து நிற்க, அவரைக் கொண்டுவந்த மோட்டார்பைக்காரன் ஏரிப் பக்கம் சுற்றிவந்து வீட்டில் இறக்கிவிட்டான். நல்ல மழை. நான் நனைந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார். அம்மா ரொம்ப சந்தோஷமாக இருந்தாள்.

"தங்கமான பிள்ளைடி. டவுன்காரங்க இப்படியெல்லாம் விசாரிக்கவே மாட்டாங்க."

"என்னம்மா விசாரிச்சார்?"

"அடுப்படியில நின்னு பாத்துட்டு, வெளிய இருக்கே அது யாரோடதுன்னார். அலுவோச்சோடதுன்னேன். அங்கதான் படுத்திருக்காளான்னார். ஆமாப்பா, அங்கதான் படுத்திருக்கான்னேன்."

"அம்மா."

"தனியாவான்னார். பின்ன, கூட யாரு படுப்பான்னேன். கரண்டு இருக்கான்னார். அவளுக்கு எதுக்குய்யா கரண்டுன்னேன். தண்ணின்னார். மழை பெஞ்சா உண்டுன்னேன். சாப்பாட்டுக்கு உள்ள வருவாளான்னு கேட்டாரு, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இப்பல்லாம் சாப்பிடறதே இல்லைன்னேன்."

"வேற என்ன கேட்டார்?"

"ஏன் வேலிக்கு வெளியன்னார். கல்யாணம் ஆகலை, அதனால உள்ள வைக்க முடியாதுன்னு ஒதுக்கி வச்சுட்டோம்னேன். வழக்கம்தானே. அந்தப் பிள்ளை அப்படியே என் கையைப் புடிச்சுக்கிட்டான்."

அவர் கையில் வைத்திருந்த பலகைக் கணினியில் அன்று என்னென்ன ஏறியிருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெயர் அலுவோச். வயது வந்த பெண். கல்யாணம் ஆகாததால் குடும்பத்தால் வெளியேற்றப்பட்டவள். ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள். மின்சாரம் இல்லை, குழாய் இல்லை, அடுப்பு இல்லை. உணவு உட்கொள்வதில்லை.

அவர்களுடைய நாற்பது ஆண்டு அனுபவத்தில் இப்படி ஒரு விண்ணப்பம் வந்ததே இல்லையாம். நீ முதலிடம் அத்தை. அடுத்தவள் உனக்கு வெகு தூரத்தில்.

இதைச் சொன்னது நெரியா அம்மா, நிதியின் செயலாளர். போனில்தான் சொன்னார்.

"அலுவோச்தானே? நேத்துப் பேசினபடியே முடிவாயிடுச்சும்மா. நீதான்."

"நேத்தாங்க?"

"மறந்துட்டியா? எவ்வளவு நேரம் பேசினோம். நல்ல பொண்ணு நீ, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசலை. ஆனா ரொம்பத் தள்ளி நின்னு பேசற மாதிரி இருந்துச்சு. உங்க பக்கம் சிக்னல் சரியில்லையோ?"

"நான் என்னங்க சொன்னேன்?"

"நீ பொறந்த அன்னிக்கு வானம் மூடிக் கெடந்துச்சு, கோழிகூட பொழுது விடிஞ்சதுன்னு நம்பலைன்னு சொன்னே. படிக்கறதுக்காக எத்தனையோ வருஷமா காத்துக் கெடக்கேன்னே. உன் வயசுக்கு எத்தனையோ வருஷம். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

எனக்கு வரவில்லை. முந்தின நாள் முழுக்க என் போன் வசொங்கா கடையில் சார்ஜில் இருந்தது. நேரே போய் அவரிடம் கேட்டேன், யாராவது எடுத்துப் பேசினார்களா என்று. "அதுல யாரு பேசறது? உன் போன் செத்துல்ல கெடந்துச்சு. ரெண்டு தடவ உசுப்பிப் பாத்தேன், எந்திரிக்கலை. அதான் உங்கிட்ட பாதிக் காசு வாங்கினேன்" என்றார்.

நான் பல்கலைக்கழக நூலகத்துப் புத்தகங்களை யார்யாரிடமோ இரவல் வாங்கிப் படித்தவள். மனம் தனக்குத்தானே என்னவெல்லாம் செய்துகொள்ளும் என்று அவற்றில் இருக்கிறது. செத்துப்போன போனைப் பற்றி ஒன்றும் இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். சாப்பிட உட்கார்ந்தால் அம்மா தட்டு வைக்கவில்லை. "இப்பத்தானேடி வந்து சாப்பிட்டுப் போனே" என்கிறாள். இல்லை என்றால் சட்டியைத் திறந்து காட்டுகிறாள். என் பங்கு இல்லை. கூட்டுரோட்டில் மட்டாட்டு வேன் ஏறினேன், கண்டக்டர் இரண்டு பேருக்குக் காசு கேட்டார். ஒருத்திதான் என்றேன். ஜன்னலோரம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரி, மடியில வச்சுக்க" என்றார். அப்பா இப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். ஆனால் அதில் கிண்டல் இல்லை. என் தோளுக்குக் கொஞ்சம் பின்னால் பார்த்துக் கூப்பிடுகிறார்.

பேச்சு இப்போது வேறொன்றில் வந்து நிற்கிறது. நிதிக்காரர்கள் வியாழக்கிழமை, அதாவது நாளை, வருகிறார்கள். நான் உன் கதவருகில் நிற்க வேண்டும், படம் எடுப்பார்கள். இங்கே குடியிருப்பவள் நான்தான் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். சொல்லிவிட்டால் இரண்டு வருஷப் படிப்பு. சொல்லாவிட்டால் நானும் அம்மாவோடு மீன் காயவைத்து மேகத்தைத் திட்டலாம்.

"ஒரு நிமிஷம் நின்னுட்டு வந்துரட்டுமே" என்றாள் அம்மா. "அவ என்ன வாடகையா கேக்கப் போறா?"

"வேண்டாம்" என்றார் அப்பா.

"உனக்குப் படிப்பைப் பத்தி என்ன தெரியும்?"

"படிப்பைப் பத்தித் தெரியாது. அங்க குடியிருக்கேன்னு உசிரோட இருக்கறவ வாயால சொல்லக் கூடாது. சொன்னா அந்தச் சொல்லுக்கு ஒரு ஆள் வேணும்."

"சொல்லிட்டு இவ வெளிய வந்துடுவாய்யா."

"வெளிய வர்றதுக்கு அது என்ன வீடா? ஒருத்தியை உள்ள வச்சு நாந்தான் பூட்டினேன்." பிறகு என்னிடம், மிக மெதுவாக: "அக்கா, நீங்களாவது சொல்லுங்களேன்."

அவர் யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.   இது நேற்று ராத்திரி; இன்று காலை பூட்டு திறந்து கிடந்தது.

இப்போது சாயங்காலம். உன் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். டைல்ஸ் இன்னும் வெயில் சூட்டோடு இருக்கிறது. கதவு பாதி திறந்திருக்கிறது, நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு உன்னிடம் பயமில்லை. உன் பக்கம் நியாயம் இருக்கிறது, அதனிடம்தான் பயம். இந்தப் பணம் உனக்கு வர வேண்டியது. கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது. இவ்வளவு தாமதத்துக்கு நடுவில் நான் பிறந்துவிட்டேன்.

இடம் ஒன்று. அலுவோச் இரண்டு. ஆகவே என் வேண்டுகோள். நாளை நான் உன் கதவருகில் நின்று அந்த வாக்கியத்தைச் சொல்ல அனுமதி கொடு. சொன்ன பிறகு என்னை வெளியே விடு. உனக்கேதான் படிக்க வேண்டும் என்றால் அதையும் சொல், நான் விலகிக்கொள்கிறேன், கோபம் இல்லை, ஆனால் யோசித்துப் பார், வகுப்பில் பெயர் கூப்பிடும்போது எழுந்து நிற்க வேண்டும், விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி கதை கேட்பாள், பயிற்சி வகுப்பில் எட்டாவது படிக்கும் பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டும், அதுகள் எதையும் நம்பாது. இரண்டு பேருமாகப் போகலாம் என்றாலும் சரிதான். தேர்வு மட்டும் யாராவது ஒருத்தி எழுத வேண்டும். நீ கணக்கில் கெட்டிக்காரி என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

எதுவானாலும் என் பங்கு மீனைச் சாப்பிடாதே. உகாலியை எடுத்துக்கொள்.

அம்மாவும் அப்பாவும் தங்கள் விசாரிப்பைச் சொல்லச் சொன்னார்கள் என்று எழுத வேண்டும். அவர்களுக்கு இந்தக் கடிதம் தெரியாது. உன் கூரை ஒழுகாதிருக்கட்டும். உன் தரையில் எறும்பு ஏறாதிருக்கட்டும். உன் பெயரை வைத்துக்கொண்டிருப்பவளை மறக்காதே. நினைத்துக்கொண்டே இருக்கவும் வேண்டாம்.

உன் பெயர்கொண்ட,
அலுவோச்,
மத்தியானத்தில் பிறந்தவள்.

பி.கு. மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். அனுமதியும் வேண்டாம்.

இன்று விடிந்து கொஞ்ச நேரத்தில் நெரியா அம்மா கூப்பிட்டார். வானம் மூடியிருந்தது. கோழிகள் இன்னும் இறங்கவில்லை.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டே?" என்றார்.

"என்னங்க பண்ணேன்?"

"காலங்காத்தால கூப்பிட்டு எனக்கு வேண்டாம்னுட்டியே. எனக்குத்தான் எப்பவோ கட்டிக் குடுத்துட்டாங்களேன்னே. கல்யாணம் ஆனவன்னு மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? எங்க விதிப்படி கட்டிக் குடுத்த பொண்ணுக்குத் தர முடியாதே."

நான் உன் சிமெண்டையும் தகரத்தையும் பார்த்தேன்.

"ஆமாங்க. கட்டிக் குடுத்துட்டாங்க" என்றேன்.

"சரி விடு. வேலிக்கு உள்ள ஒரு பொண்ணு இருக்கா, தெனமும் என் வாசல்ல வந்து படிப்பா, அவளுக்குக் குடுங்கன்னு நீயே சொல்லிட்டே. அவ பேரு என்னம்மா?"

"அலுவோச்."

"இதென்னடா இது. உங்க வீட்ல எல்லாருக்கும் ஒரே பேரா?"

"ரெண்டு பேருக்குத்தாங்க."

"அவளும் வானம் மூடின அன்னிக்குப் பொறந்தவளா?"

"இல்லைங்க. உச்சி வெயில்ல."

"ஏழையா?"

"சுமாரான ஏழைங்க."

"சுமார் போதும். இந்த வருஷப் பணத்தை இந்த வருஷமே குடுத்தாகணும், இல்லைன்னா மேல கேப்பாங்க. மத்தியானம் வர்றோம். அவளை வேலிக்கு உள்ளயே நிக்கச் சொல்லு, அங்க வச்சுப் படம் எடுத்துக்கறோம்." வைப்பதற்கு முன் குரலைத் தாழ்த்தி, "நீ அங்க நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறேன் என்றேன். உன் சார்பில் சொன்னது. தப்பென்றால் சொல்.

என் போனில் பார்த்தேன். காலையில் யாருக்கும் பேசியதாக ஒன்றும் பதிவாகவில்லை. சார்ஜ் மட்டும் பாதி இறங்கியிருந்தது.

அம்மாவிடம் தட்டு கேட்டேன். என் பங்கு சட்டியில் இருந்தது. மீனில் பாதியை இலையில் எடுத்துவந்து உன் படியில் வைத்தேன். கதவைச் சாத்தினேன். பூட்டை அழுத்தாமல் கொக்கியில் மாட்டினேன். பிறகு வேலிக்கு உள்ளே போய்த் தலை வாரிக்கொண்டேன்.